பற்று யார் பேரில்? கேவொர்க்கரைப் பார்த்ததும் செய்கிற தவறுகள்

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஆடித் தள்ளுபடி நாட்களில் ஒரு மாலை, ஒவ்வொரு பில்லுக்கும் அரை நிமிடம் ஆனது. கல்லா முன்னால் வரிசை வாசல்வரை நீண்டது. ஓடும் நிரல்களை, அதாவது ப்ராசஸ்களை, பட்டியலிடும் டாப் கட்டளையின் திரையில் ‘டி’ என்ற காத்திருப்பு நிலையில் ஒரு கேவொர்க்கர் நின்றது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், தன் பின்னணி வேலைகளுக்கு வைத்திருக்கும் இழை (தனியாக ஓடும் வேலைத்தொடர்) அது. என்னுடன் வேலை செய்யும் தம்பி, “இதுதான் அண்ணே எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கிறது, நிறுத்திவிடட்டுமா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல், நிரலைக் கட்டாயமாக நிறுத்தும் 9ஆம் சிக்னலை அனுப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவும் நடக்காது, கெர்னல் இழைகள் அந்தச் சிக்னலைப் பொருட்படுத்துவதில்லை. இரவில் ஓட வேண்டிய பேக்கப், யாரோ நேரத்தை மாற்றி எழுதியதால் மாலையில் ஓடியிருந்தது. நகலெடுத்த ப்ராசஸ் வேலையை முடித்துப் போய்விட்டது. நினைவகத்தில் அது விட்டுப்போன பாரத்தை டிஸ்க்குக்குச் சுமந்துகொண்டிருந்தது கேவொர்க்கர்.

ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்த நகரத்தார் கடைகளில் கணக்கை எழுதிய கை ஏஜெண்டுடையது. பணம் யாருடையது என்பதைச் சொன்னது கடையின் விலாசம், அதாவது முதலாளி குடும்பத்தின் முன்னெழுத்துகள். எழுதிய கையைப் பார்த்து அவன் பேரிலேயே பற்று எழுதினால் ஐந்தொகை எப்படிச் சரியாக வரும்? கேவொர்க்கரும் ஏஜெண்டுதான். 2010இல் வந்த லினக்ஸ் 2.6.36 முதல், கெர்னலின் பல பகுதிகள் தள்ளிவைக்கும் வேலைகளை ஒரு பொதுக் கூட்டத்து இழைகளே மாறி மாறிச் செய்கின்றன. இந்த நொடியில் டிஸ்க்குக்கு எழுதும் இழை அடுத்த நொடியில் வேறொரு டிரைவருக்கு (சாதனத்தை இயக்கும் நிரலுக்கு) வேலை செய்யலாம்.

ஆகவே முதல் தவறும் பெரிய தவறும், வேலை செய்தவரை வேலை கொடுத்தவராக எண்ணுவது. பயோடாப் போன்ற கருவிகள் டிஸ்க் கோரிக்கையை அனுப்பியவர் பெயரைக் காட்டுகின்றன. பின்னர் எழுதப்படும் தரவுக்கு அது பெரும்பாலும் கேவொர்க்கர்தான். கெர்னலோ இன்னொரு கணக்கையும் வைத்திருக்கிறது. கெர்னல் தன் நிலவரத்தைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் அடைவில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உள்ள ‘ஐஓ’ கோப்பில், எழுதிய பைட்டுகள் என்ற எண் அந்தத் தரவு உள்ள பக்கத்தை (நினைவகத்தின் ஒரு துண்டை) மாற்றிய ப்ராசஸின் பேரிலேயே ஏறுகிறது. பற்று அங்கே சரியான ஆளின் பெயரில் இருக்கிறது. குறை ஒன்றே: ப்ராசஸ் முடிந்ததும் அந்த ஏடும் போய்விடும். எனவே ஒவ்வொரு ப்ராசஸின் கணக்கையும் அவ்வப்போது அச்சிடும் ‘பிட்ஸ்டாட்’ கருவியை டிஸ்க் கணக்கோடு எப்போதும் ஓடவிட்டுப் பதிந்து வைக்கிறேன். அன்று மாலை அப்படி ஒரு பதிவு இருந்திருந்தால் இரண்டு மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

டிஸ்க் அல்லாத வேலை என்றால் கெர்னலுக்குள் நடப்பவற்றை வரிவரியாகப் பதியும் டிரேஸ் வசதிதான் துணை. ஒர்க்கியூ (வேலை வரிசை) வகையில் ‘வேலை வரிசையில் சேர்ந்தது’, ‘வேலை தொடங்கியது’ என்று இரண்டு நிகழ்வுகள் உண்டு. முதலாவது, சேர்த்த ப்ராசஸின் பெயரோடு வரும். இரண்டாவது, கேவொர்க்கரின் பெயரோடு வரும். இரண்டிலும் உள்ள வேலை முகவரியை ஒப்பிட்டால் கொடுத்தவரும் செய்தவரும் ஒரே வரியில் வந்துவிடுவார்கள். சில வேலைகளை டைமரோ இன்டரப்டோ (சாதனம் தரும் குறுக்கீடோ) சேர்க்கும். அப்போது அந்த நேரத்தில் தற்செயலாக ஓடிய ப்ராசஸின் பெயர் வரும் என்பதை மறக்கக் கூடாது. டிரேஸைச் சில விநாடிகளுக்கு மேல் திறந்து வைக்காதீர்கள், வரிகள் கொட்டும்.

கேவொர்க்கரின் பெயரைத் தவறாகப் படிப்பதும் அடிக்கடி நடக்கிறது. ‘3:1எச்’ என்றால் 3ஆம் சிபியுவுக்குரிய, உயர் முன்னுரிமை கொண்ட இழை. ‘யூ8:2’ என்றால் எந்த ஒரு சிபியுவோடும் கட்டப்படாத இழை. அந்த 8 இழைக் கூட்டத்தின் எண், சிபியு எண் அன்று. 2018இல் வந்த 4.18 முதல் பெயருக்குப் பின் விலாசமும், அதாவது வேலை வரிசையின் பெயரும், வருகிறது: கூட்டல் குறி இருந்தால் இப்போது அந்த வரிசையின் வேலை நடக்கிறது, கழித்தல் குறி இருந்தால் கடைசியாக அதைச் செய்தது. அந்த மாலை ‘ஃபிளஷ் 8:0’ என்று திரையிலேயே எழுதியிருந்தது. ஃபிளஷ் என்பது நினைவகத்தில் உள்ளதை டிஸ்க்குக்கு எழுதுவது, 8:0 என்பது முதல் டிஸ்க். நாங்கள் இருவரும் அதைப் படிக்கவே இல்லை.

ஒரு நிரல் கெர்னலிடம் கேட்பவற்றைக் காட்டும் எஸ்ட்ரேஸைக் கெர்னல் இழையோடு இணைக்க முயல வேண்டாம். ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) இருந்தாலும் அனுமதி இல்லை என்றே வரும். காத்து நிற்கும் இழைக்கு, அது கெர்னலில் எங்கே நிற்கிறது என்று காட்டும் ப்ராக் அடைவின் ‘ஸ்டாக்’ கோப்பை ரூட்டாகப் பத்துமுறை படியுங்கள், ஒருமுறை போதாது. சிபியுவைத் தின்னும் இழைக்கு அந்தக் கோப்பை நம்ப முடியாது, சிபியு நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்கும் பெர்ஃப் வேண்டும்.

இழை தெரியவில்லை என்பதால் அது இல்லை என்று முடிவு கட்டுவது இன்னொரு தவறு. டாப் போன்ற இன்னொரு கருவியான எச்டாப்பில் பெரிய ‘கே’ விசை கெர்னல் இழைகளை மறைக்கும். கன்டெய்னருக்குள் (இயந்திரத்துக்குள்ளேயே தனியாகப் பிரித்த சூழலில்) அவை கண்ணில் படாது, ஆனால் அங்கே தெரியும் லோடு சராசரி (ஓடும், காத்து நிற்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை) பொதுவாக முழு இயந்திரத்துடையது. சும்மா இருக்கிற கன்டெய்னரில் லோடு 12 என்று பார்த்துத் தன் நிரலையே திருத்தத் தொடங்கியவர்கள் உண்டு.

நிரல்கள் படிக்கும், எழுதும் வேலைகளைக் கெர்னலிடம் ஒப்படைக்கும் வசதியான ஐஓ-யூரிங் விஷயத்தில் பார்வையே தலைகீழாக மாறியது. அதன் உதவி இழைகள் முதலில் மற்றக் கெர்னல் இழைகளைப் போல தனியாக இருந்தன. 2021இல் வந்த 5.12இல், அவற்றைப் பயன்படுத்தும் ப்ராசஸின் இழைகளாகவே ஆக்கினார்கள். பற்று சரியான பேருக்கு வந்தது. எனக்கு இது மிகவும் பிடித்த மாற்றம். ஆனால் கருவிகள் தடுமாறின. பிழைதேடும் கருவியான ஜிடிபி ஒரு ப்ராசஸின் எல்லா இழைகளோடும் இணைய முயலும். இந்த இழைகள் மறுத்தபோது முடிவில்லாமல் திரும்பத் திரும்ப முயன்றது. பிறகு மறுப்பதை விட்டுவிட்டு, சாதாரண இழையைப் போலத் தோன்றும்படி அவற்றை அமைத்தார்கள். இன்று ஜிடிபியில் அவற்றைக் கண்டால் நினைவகம் கெட்டுவிட்டதென்று அஞ்ச வேண்டாம். அவை பயனர் நிரலின் வரிகளை ஓட்டுவதில்லை, ஆகவே அங்கே காட்டவும் எதுவும் இல்லை. இழை எண்ணிக்கை கூடினால் மணி அடிக்கும் கண்காணிப்பு வைத்திருப்பவர்கள், ‘ஐஓயூ’ என்று தொடங்கும் இழைகளைத் தனியாக எண்ணுவது நல்லது.

கடைசியாக, சதுர அடைப்புக்குள் பெயர் இருப்பதால் அது கெர்னல் இழைதான் என்று நம்புவது. ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை அந்த அடைப்பைப் போடுவது கட்டளை வரி காலியாக இருப்பதால்தான். திருட்டுத்தனமாகக் கிரிப்டோ நாணயம் சுரண்டும் நிரல்கள் தம் பெயரையே அடைப்போடு எழுதிக்கொள்கின்றன. உண்மையான கேவொர்க்கருக்குத் தாய் ப்ராசஸின் எண் 2. நினைவகக் கணக்கு பூச்சியம். ப்ராக் அடைவில் நிரலின் கோப்பைச் சுட்டும் ‘எக்ஸ்இ’ இணைப்பு ரூட்டுக்கும் எந்தக் கோப்பையும் காட்டாது. காட்டினால் அது வேடதாரி. 9ஆம் சிக்னலுக்கு உடனே சாகும். நிறுத்துமுன் அந்த இணைப்பின் வழியாக நிரலை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். டிஸ்க்கிலிருந்து அது அழிக்கப்பட்டிருந்தாலும், ப்ராசஸ் உயிரோடு இருக்கும்வரை அங்கே கிடைக்கும்.