வைஃபை காணோமா, சவுண்டு வரலையா? டிரைவரை நீங்களே சரிபண்ணலாம்

போன வாரம் கீழக்கரையிலேர்ந்து தெரிஞ்ச லாத்தா (அக்கா) ஒருத்தவக போன் பண்ணி, "தம்பி, விண்டோஸ் புதுசா போட்டதுலேர்ந்து வைஃபை குறியே காணோம்ப்பா, ஒங்க மச்சான் துபாய்லேர்ந்து ராத்திரி கூப்புடுவாக, முகம் பாத்துப் பேச முடியல"ன்னாக. குரல்ல அவ்வளவு கவலை. புது வைஃபை கார்டு வாங்கணும்னு வேற யாரோ சொல்லிட்டாங்களாம். தேவையே இல்ல, டிரைவர்தான் இல்ல.

டிரைவர்னா விண்டோஸுக்கும் உள்ள இருக்குற கார்டுக்கும் நடுவுல நின்னு பேசுற சாஃப்ட்வேர், அது இல்லேன்னா கார்டு நல்லா இருந்தும் வேலை செய்யாது.

மொதல்ல விண்டோஸ் கீயையும் எக்ஸையும் சேத்து அமுக்குங்க, வர்ற பட்டியல்ல டிவைஸ் மேனேஜரை தொறங்க. எதுலயாவது மஞ்சள் முக்கோணம் இருக்கா பாருங்க. இருந்தா அதை ரெண்டு தடவ தட்டினா ஒரு கோடு நம்பர் காட்டும். 28னா டிரைவர் போடவே இல்ல, நிம்மதியா இருங்க, சுலபம். 10னா அந்த டிவைஸ் ஸ்டார்ட் ஆகல. 43னா டிவைஸே கோளாறுன்னு சொல்லுது, டிரைவரும் காரணமா இருக்கலாம், கார்டே போயிருக்கவும் செய்யலாம்.

டிவைஸ் மேனேஜர் பட்டியல்ல அந்த டிவைஸே வரலேன்னா டிரைவர் தேடி அலையாதீங்க. மண்டபம், பாம்பன் பக்கம் கடலைப் பாத்த ஜன்னல்கிட்ட கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்க இதை கவனிக்கணும், உப்புக் காத்து பட்டு கார்டோட பித்தளை நெறப் பல்லு (உள்ள சொருகுற முனை) பச்சையா, கறுப்பா பூத்துப்போயிரும், நான் கழட்டிப் பாத்ததுல வெரல்ல மாவு மாதிரி ஒட்டுச்சு. கரண்ட் ஒயரை உருவிட்டு, கார்டைக் கழட்டி, பல்லு மேல பென்சில் ரப்பரால மெதுவா தேச்சு, தூசிய தட்டிட்டு மறுபடி மாட்டுங்க.

கோடு 28தான்னா, நெட் இல்லாம டிரைவர் எப்படி எறக்குறதுன்னு கேப்பீங்க. ஆண்ட்ராய்டு போனை கேபிள்ல மாட்டி, செட்டிங்ஸ்ல யூஎஸ்பி டெதரிங்கை (போன் நெட்டை கம்ப்யூட்டருக்கு குடுக்குறது) ஆன் பண்ணுங்க, பெரும்பாலும் விண்டோஸ் அதை தானாவே புடிச்சுக்கும். அப்புறம் விண்டோஸ் அப்டேட்டுக்குள்ள அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் போய் டிரைவர் இருக்கான்னு பாருங்க. லாத்தாவுக்கு போன்ல சொல்லச் சொல்ல அவக அமுக்கி, அங்கேயே கெடச்சிருச்சு.

கெடைக்கலேன்னா டிவைஸோட ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடீஸ் போய்ப் பாருங்க. 'வென்' (VEN)ன்னு ஆரம்பிக்கிற எடத்துல 8086 இருந்தா இன்டெல், 1002 இருந்தா ஏஎம்டி. 'டெவ்' (DEV) பக்கத்துல இருக்குறது மாடல் நம்பர். அதை வச்சு லேப்டாப் கம்பெனியோட அல்லது சிப் கம்பெனியோட சொந்த சைட்ல மட்டும் எறக்குங்க. எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்ல போடுறேன்னு விளம்பரம் வர்ற சாஃப்ட்வேரை தொடவே வேண்டாம், தயவுசெஞ்சு கேளுங்க, அதுல தேவையில்லாததெல்லாம் சேந்து உள்ள வந்துரும்.

புது டிரைவர் போட்டப்புறம்தான் கோளாறு வந்துச்சா? அந்த டிவைஸோட ப்ராப்பர்ட்டீஸ்ல டிரைவர் டேப்ல ரோல் பேக் டிரைவரை அமுக்கி பழசுக்குப் போங்க. அந்த பட்டன் மங்கலா இருந்தா, பழைய டிரைவர் இல்லைன்னு அர்த்தம், அன்இன்ஸ்டால் டிவைஸ் குடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

வேலை முடிஞ்சதும், கையால எறக்கின டிரைவர் ஃபைல் இருந்தா ஒரு பென்டிரைவ்ல போட்டு, கம்ப்யூட்டர் மாடல் பேரை பேப்பர்ல எழுதி அதுமேல ஒட்டி, காத்து போகாத டப்பாவுல வச்சிருங்க.