இறால் தொட்டிக்கு மண் வாங்கப் போகிறீர்களா?

"கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு இறால் வளர்க்கப் போறேன், அடியில் பரப்ப எந்த சாயில் (மண்) வாங்கட்டும்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டுத் தண்ணீரின் கே.எச்., அதாவது அதில் கரைந்திருக்கும் கார்பனேட்டின் அளவு, எவ்வளவு? பெரும்பாலும் பதில் வராது. தண்ணீரையும் இறாலின் வகையையும் பார்க்காமல் மண்ணை வாங்குவதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது.

ஆக்டிவ் சாயில் என்று விற்பது சூடேற்றி இறுக்கிய மண் உருண்டை. அது தொட்டியில் சும்மா கிடக்காது. தண்ணீரிலுள்ள கார்பனேட்டைத் தின்றுகொண்டே பி.எச்.சை (அமிலத் தன்மையின் அளவு; 7-க்குக் கீழே போனால் அமிலம்) 6 பக்கம் இறக்கி வைக்கும். கிரிஸ்டல் ரெட் போன்ற பீ (bee) வகை இறால்களுக்கு அதுதான் தேவை: பி.எச். 5.5 முதல் 6.5, கே.எச். 0 அல்லது 1. செர்ரி என்ற இன்னொரு வகை இறாலுக்கு இந்தச் செலவே வேண்டாம். பி.எச். 7, 7.5 என்று இருக்கும் தண்ணீரில், நன்றாகக் கழுவிய மணல் மேலேயே அது பெருகும்.

சரி, கிரிஸ்டல் ரெட்டுக்காக நல்ல சாயிலே வாங்கிவிட்டீர்கள். அதன்மேல் போர் தண்ணீரை ஊற்றினால்? நான் ஊற்றினேன். சென்னையில் எங்கள் தெரு போர் தண்ணீருக்கு கே.எச். 14. முதல் மாதம் பி.எச். 6.4 காட்டியது, நானும் நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் மாதம் 7.6. ஒரு வருடத்துக்கு மேல் தாங்க வேண்டிய சாயில், வாராவாரம் நான் ஊற்றிய கார்பனேட்டோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோயிருந்தது. மண்ணைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கருகருவென்று அப்படியேதான் இருக்கும். இறால்கள்தான் சொல்லும். தோலுரிக்கும்போது கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் விழுந்து, நாளுக்கு ஒன்றாகச் செத்தன.

அப்புறம் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறினேன். அதிலும் ஒரு கண்ணி உண்டு. வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில், குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று ஆர்.ஓ. வடிகட்டியில் போகாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கும் தாது உப்பும் ஜி.எச். (கால்சியம், மக்னீசியத்தின் அளவு) மட்டும் ஏற்றுவதாக இருக்க வேண்டும். கே.எச்.சும் சேர்த்து ஏற்றுவதை வாங்கினால் பழைய கதைதான். ஆவியாகிக் குறையும் அளவுக்கு உப்புக் கலக்காத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள்.

அடுத்தது அவசரம். புது சாயில் பல வாரம் அம்மோனியாவைக் கக்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டதே என்று மூன்றாம் நாள் இறாலை விட்டால் ஒன்றும் மிஞ்சாது. ஃபில்டரை ஓடவிட்டு நான்கு முதல் ஆறு வாரம் பொறுங்கள். அம்மோனியா, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு விடுங்கள். இதே காரணத்தால், இறால் இருக்கும் தொட்டியில் பழைய சாயிலுக்கு மேலேயே புதியதைக் கொட்டக் கூடாது.

சாயிலை அரிசி மாதிரி களைந்து கழுவாதீர்கள், உருண்டை உடைந்து சேறாகிவிடும். தோட்டத்து மண்ணும் மண்புழு உரமும் வேண்டவே வேண்டாம். அதில் என்ன மருந்து தெளித்தார்களோ! பூச்சிமருந்தும் செம்பும் துளி இருந்தாலே இறாலுக்கு எமன். அலங்காரக் கல் போடுவதாக இருந்தால் அதன்மேல் வினிகர் சொட்டுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், கிரிஸ்டல் ரெட் வகைத் தொட்டிக்கு ஆகாது. மண் 3, 4 சென்டிமீட்டர் உயரம் போதும். ஆழமாகப் போட்டால் அடியில் காற்றில்லாமல் அழுகி, கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். வெள்ளைக் கல்லும் அழகுதான், ஆனால் அதன்மேல் இறால் நிறம் வெளிறித் தெரியும்.

தீர்ந்துபோன அந்த சாயிலை நான் வீசவில்லை. அலசி செர்ரி தொட்டியில் பரப்பினேன். இனி பி.எச்.சை இறக்கும் சக்தி அதற்கு இல்லை, செர்ரிக்கு அது தேவையும் இல்லை. இப்போது அதன்மேல் மூன்று பெண் இறால்கள் வயிற்றடியில் மஞ்சள் முட்டையோடு மேய்ந்துகொண்டிருக்கின்றன.