உணவுப் பொருள் திரும்பப் பெறும் அறிவிப்பும் பருவகாலத் தள்ளுபடியும்: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

விலை குறையும் பருவத்தில் நாம் வழக்கத்தைவிட அதிகமாகப் பொருள்களை வாங்கி வைக்கிறோம். வாங்கி வைத்தவற்றுள் ஒன்றை உற்பத்தியாளர் சில வாரங்கள் கழித்துத் திரும்பக் கேட்கும்போது, நம்மிடம் இருப்பது எந்த பேட்ச் (ஒன்றாகத் தயாரான தொகுதி) என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லாமல் நிற்கிறோம். தள்ளுபடிச் செய்தியையும் திரும்பப் பெறும் அறிவிப்பையும் வெவ்வேறு விஷயங்களாக நினைப்பதால்தான் இந்த நிலை வருகிறது; இரண்டையும் ஒரே பழக்கத்தின் இரு பகுதிகளாகக் கையாள வேண்டும் என்பதே என் கருத்து.

2022 ஏப்ரலில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்டர் விற்பனை உச்சத்தில் இருந்த நேரத்தில், பெல்ஜியத்தின் ஆர்லோன் நகரிலுள்ள ஃபெரேரோ ஆலையில் தயாரான கிண்டர் சாக்லேட்டுகளுக்கும் சால்மோனெல்லா என்ற கிருமியால் வரும் நோய்ப் பரவலுக்கும் தொடர்பு இருப்பது தெரியவந்தது. முதலில் குறிப்பிட்ட சில தேதிகளைக் கொண்ட ஒரு வகை மட்டுமே திரும்பப் பெறப்பட்டது. சில நாள்களுக்குள் அந்த ஆலையிலிருந்து வந்த கிண்டர் பொருள்கள் அனைத்தும் அறிவிப்புக்குள் வந்துவிட்டன. பருவகாலத்துக்காக முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தவர்கள், கையிலுள்ள பொருள் எந்த ஆலையில் தயாரானது என்பதைப் பாக்கெட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

கீழே உள்ள படிகளுக்கு ஒரு கைபேசியும், பொருளின் மேலுறையைப் பொறுமையாகப் படிக்கும் வழக்கமும் போதும்.

படி 1: செய்தி எங்கிருந்து வர வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள்

திரும்பப் பெறும் அறிவிப்புகளை வெளியிடும் அரசு அமைப்பு நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2017இல் இதற்கென்று தனி விதிமுறைகளை வகுத்தது. அமெரிக்காவில் இறைச்சியும் கோழி இறைச்சியும் பதப்படுத்திய முட்டையும் வேளாண்மைத் துறையின் பொறுப்பு, மற்ற பெரும்பாலான உணவுகள் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் பொறுப்பு. ஆகவே அங்கு வாழ்பவர்கள் இரண்டு இடங்களையும் பார்க்க வேண்டும். கனடாவில் உணவு ஆய்வு முகமையும் சிங்கப்பூரில் உணவு முகமையும் இதே பணியைச் செய்கின்றன. ஐரோப்பிய நாடுகளுக்கிடையே 1979 முதல் ஒரு விரைவு எச்சரிக்கை அமைப்பு இயங்கி வருகிறது.

உங்கள் நாட்டின் அமைப்பு மின்னஞ்சல் எச்சரிக்கை அனுப்புமானால் இன்றே பதிவு செய்துகொள்ளுங்கள். அடிக்கடி வாங்கும் கடையின் உறுப்பினர் கணக்கில் உங்கள் கைபேசி எண் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். யார் எதை வாங்கினார்கள் என்ற பதிவு சில கடைகளிடம் இருப்பதால், அவர்கள் நேரடியாகவே வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்புகிறார்கள்.

வாட்ஸ்அப்பில் பரவும் எச்சரிக்கைகளை அப்படியே நம்பவும் வேண்டாம், அப்படியே தள்ளவும் வேண்டாம். அரசு அமைப்பின் பக்கத்தில் அதே அறிவிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கேட்கும் எந்தச் செய்தியும் மோசடிதான். அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள்.

படி 2: தள்ளுபடியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

தள்ளுபடியின் உண்மையான அளவு, விளம்பரம் முதல் பார்வையில் தரும் எண்ணத்தைவிடப் பெரும்பாலும் சிறியது. இரண்டாவது பொருளுக்குப் பாதி விலை என்றால் மொத்தத்தில் கிடைப்பது 25 விழுக்காடு குறைப்பு. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது மூன்றையும் பயன்படுத்தினால் மட்டுமே 33 விழுக்காடு. மூன்றாவது காலாவதியாகிக் குப்பைக்குப் போனால் தள்ளுபடியே இல்லை. அதே விலையில் 20 விழுக்காடு கூடுதல் எடை என்பது ஏறக்குறைய 17 விழுக்காடு விலைக் குறைப்புக்குச் சமம். எந்தச் சலுகையாக இருந்தாலும், செலுத்தும் தொகையை மொத்த எடையால் வகுத்து, ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டால் ஒப்பிடுவது எளிது.

அடித்துக் காட்டப்படும் பழைய விலை, அந்தப் பொருள் உண்மையிலேயே அண்மையில் விற்ற விலையா என்பது அடுத்த கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, விலைக் குறைப்பை அறிவிக்கும் கடை அதற்கு முந்தைய குறைந்தது 30 நாள்களில் வசூலித்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். விரைவில் கெட்டுப்போகும் பொருள்களுக்கு உறுப்பு நாடுகள் வேறு விதி வைத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட பாதுகாப்பு இல்லாத இடத்தில் வாழ்பவர்கள் அதைத் தாங்களே செய்துகொள்ளலாம்: வழக்கமாக வாங்கும் பொருள்களின் விலைச்சீட்டைப் பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே படமெடுத்து வைத்தால், பழைய விலை நம் கையிலேயே இருக்கும்.

உணவைப் பொறுத்தவரை, விலையைவிடத் தேதியை முதலில் பார்ப்பவரே நன்றாக வாங்குகிறார் என்பேன். ‘இந்தத் தேதிக்கு முன் பயன்படுத்தினால் சிறப்பு’ என்ற பொருளில் வரும் வாசகம் தரத்தைப் பற்றியது. அந்நாள் கடந்ததும் சுவையோ மொறுமொறுப்போ குறையலாம். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்துக’ என்பது பாதுகாப்பைப் பற்றியது, அதை மீறக் கூடாது. உங்கள் வீட்டில் அந்தப் பொருள் ஒரு வாரத்தில் எவ்வளவு செலவாகிறது என்பதை மீதமுள்ள வாரங்களால் பெருக்குங்கள். அந்த அளவுக்கு மேல் வாங்குவது இலாபமாகாது. பெரிய அளவில் வாங்கும் முன், அந்தப் பொருளின் பெயரை அரசு அமைப்பின் பக்கத்தில் ஒரு முறை தேடிவிடுங்கள். பேட்ச் எண் அழிக்கப்பட்டதையோ, மேல் அட்டை பிரிக்கப்பட்டு உதிரியாக விற்கப்படுவதையோ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பின்னால் ஓர் அறிவிப்பு வந்தால், அதை எதனுடனும் பொருத்திப் பார்க்க முடியாது.

படி 3: வீட்டுக்கு வந்ததும் மேலுறையைப் படமெடுங்கள்

இந்த விளக்கத்தில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். பொருளைப் பிரித்து டப்பாவில் கொட்டுவதற்கு முன், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, தயாரித்த ஆலையின் பெயர் அல்லது குறியீடு ஆகியவை தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து, கைபேசியில் தனிக் கோப்புறை ஒன்றில் சேமியுங்கள். முகப்புப் பக்கத்தைப் படமெடுப்பதால் பெரிய பயனில்லை. பேட்ச் எண் பெரும்பாலும் அடிப்பாகத்திலோ, ஒட்டிய மடிப்பின் மேலோ, மூடியின் விளிம்பிலோ சிறு எழுத்தில் அச்சாகியிருக்கும்.

பார்கோடு இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். வழக்கமான பார்கோடு, அது எந்தப் பொருள், எந்த அளவு என்பதை மட்டுமே சொல்லும். போன மாதம் தயாரானதற்கும் இந்த மாதம் தயாரானதற்கும் பார்கோடு ஒன்றேதான். பேட்ச் எண்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

டப்பாவில் கொட்டி வைப்பவர்கள், மேலுறையில் அந்த எண் இருக்கும் பகுதியை வெட்டி டப்பாவின் வெளியே ஒட்டலாம். பழைய இருப்பின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். அப்படிக் கொட்டினால் ஒரு பேட்ச் மட்டும் திரும்பப் பெறப்பட்டாலும் இரண்டையும் இழக்க நேரும். உறைநிலைப் பெட்டியில் வைப்பதற்கு இது இன்னும் அவசியம். 2018இல் ஐரோப்பாவில் உறைந்த மக்காச்சோளத்தோடு தொடர்புடைய, லிஸ்டீரியா என்ற கிருமியால் வரும் நோய்ப் பரவல் கண்டறியப்பட்டபோது, ஹங்கேரியிலுள்ள ஓர் ஆலையில் 2016 ஆகஸ்ட் முதல் 2018 ஜூன் வரை தயாரான உறைந்த காய்கறிகள் அனைத்தும் திரும்பப் பெறப்பட்டன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன் தயாரான பாக்கெட் ஒருவர் வீட்டில் இன்னும் இருந்திருக்கலாம். உறைய வைத்தால் லிஸ்டீரியா சாவதில்லை.

படி 4: அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள்

செய்தித் தலைப்பில் பொருளின் பெயரைக் கண்டதும் அலமாரியை ஒழிக்கத் தொடங்க வேண்டாம். முழு அறிவிப்பில் பொருளின் பெயர், பிராண்டு, எடை, பேட்ச் எண்கள் அல்லது தேதி வரம்பு, விற்பனையான பகுதிகள், காரணம், வாங்கியவர் செய்ய வேண்டியது ஆகியவை இருக்கும். எடையும் பேட்ச் எண்ணும் தேதியும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘எல்லா பேட்ச்சுகளும்’ என்று இருந்தால் எண்ணைத் தேட வேண்டியதில்லை. ஒரே ஆலையில் தயாராகும் பொருள் பல பிராண்டுகளின் பெயரில் விற்பனையாவதால், பட்டியலைக் கடைசி வரை படிப்பது நல்லது.

பல சமயம் பிரச்சினை ஒரு மூலப்பொருளில் இருக்கும். 2008 இறுதியில் தொடங்கிய அமெரிக்க வேர்க்கடலை விவகாரத்தில், ஒரே நிறுவனம் விற்ற வேர்க்கடலை விழுதும் மாவும் பிஸ்கட், ஐஸ்கிரீம், மிட்டாய் என எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருந்தன. 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், 9 பேர் இறந்தனர், 3,900க்கும் மேற்பட்ட பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. இத்தகைய அறிவிப்பு பல வாரங்கள் வளர்ந்துகொண்டே போகும். எனவே முதல் நாள் பட்டியலில் உங்கள் பொருள் இல்லை என்றாலும், அதே மூலப்பொருள் சேர்ந்தவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, சில நாள்கள் கழித்து மீண்டும் பாருங்கள்.

காரணத்தைப் படிப்பதால் அவசரம் எவ்வளவு என்பது விளங்கும். அமெரிக்காவில் திரும்பப் பெறுதல்கள் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. முதல் வகுப்பு என்றால் கடுமையான உடல்நலக் கேடோ மரணமோ நேர நியாயமான வாய்ப்பு உண்டு என்று பொருள். கிருமி, உலோகத் துண்டு, வேதிப்பொருள் ஆகியவற்றைத் தவிர, மேலுறையில் குறிப்பிடப்படாத ஒவ்வாமைப் பொருளும் அடிக்கடி வரும் காரணம். அந்த ஒவ்வாமை வீட்டில் யாருக்கும் இல்லை என்றாலும், அந்தப் பாக்கெட்டை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது.

படி 5: வீட்டில் தேடுங்கள், சுவைத்துப் பார்க்காதீர்கள்

அலமாரி, குளிர்சாதனப் பெட்டி, உறைநிலைப் பெட்டி, அலுவலகப் பை, பிள்ளைகளின் பை என எல்லா இடத்திலும் தேடுங்கள். சலுகையில் வாங்கி மற்றவர்களுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தால், அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். இந்தச் செய்தி அவர்களுக்கு வேறு வழியில் போய்ச் சேராமல் போகலாம். பேட்ச் எண் தெரியாத டப்பாவில் அந்தப் பொருள் இருந்தால், அது திரும்பப் பெறப்பட்டது என்றே கருதுங்கள்.

முகர்ந்தோ சுவைத்தோ முடிவு செய்ய முடியாது. 2023இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான இலவங்கப்பட்டை சேர்த்த ஆப்பிள் கூழில் ஈயம் இருந்தது கண்டறியப்பட்டது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு கூடியிருந்ததைத் தொடர்ந்து நடந்த விசாரணையில்தான் அது வெளிவந்தது. சமைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் உதவாது: ஈயம் வெந்து போகாது, ஒவ்வாமைப் பொருள்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், சில கிருமிகள் உண்டாக்கிய நச்சுகள் கொதிக்கும் வெப்பத்தையும் தாங்கும். வளர்ப்புப் பிராணிகளுக்கும் போடாதீர்கள். போட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சின் அபாயம் காரணமாகத் திரும்பப் பெறப்பட்ட டின் உணவைத் திறக்கவே வேண்டாம்.

பொருளை ஒரு பையில் இறுகக் கட்டி, ‘உண்ண வேண்டாம்’ என்று எழுதி, மற்ற உணவிலிருந்து விலக்கி வையுங்கள். அறிவிப்பு கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறதா, வீட்டிலேயே அப்புறப்படுத்தச் சொல்கிறதா என்று பார்த்து அதன்படி செய்யுங்கள். எறிவதற்கு முன் பேட்ச் எண்ணைப் படமெடுத்துவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்க உதவும். பில் இல்லை என்று தயங்காமல் கேளுங்கள், பல கடைகள் பொருளைப் பார்த்தே தொகையைக் கொடுத்துவிடுகின்றன. காரணம் லிஸ்டீரியா என்றால், அது குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் பெருகும் என்பதால், தட்டுகளையும் உட்பக்கத்தையும் சோப்பு கலந்த வெந்நீரால் கழுவித் துடைக்க வேண்டும்.

ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் பதற்றம் வேண்டாம். உண்டவர் எல்லோரும் நோயுறுவதில்லை. ஆனால் தேதியைக் குறித்து வையுங்கள். லிஸ்டீரியா நோயின் அறிகுறிகள் தோன்றச் சில சமயம் 70 நாள்கள் வரை ஆகலாம். 2017–18இல் தென்னாப்பிரிக்காவில் உடனே உண்ணத்தக்க பதப்படுத்திய இறைச்சியால் ஏற்பட்ட லிஸ்டீரியா நோய்ப் பரவலில் 1,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் உறுதியானது, 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பச்சிளங்குழந்தைகள் பெரும்பங்கு. கருவுற்ற பெண்கள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்குக் காய்ச்சல் கண்டால், மேலுறைப் படத்துடன் மருத்துவரிடம் போக வேண்டும்.

படி 6: குறையை நீங்களே கண்டால் புகார் கொடுங்கள்

உணவில் கண்ணாடித் துண்டு, விசித்திரமான நிறம், உப்பிய டின் என எதையாவது கண்டால், கடையிடம் மாற்றி வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மேலுறையையும் மீதியையும் பத்திரப்படுத்தி, பொருளின் பெயர், பேட்ச் எண், வாங்கிய இடமும் நாளும், கண்ட குறை, யாருக்கேனும் உடல்நலம் கெட்டதா என்ற விவரம் ஆகியவற்றை எழுதி உங்கள் நாட்டின் உணவுப் பாதுகாப்பு அமைப்புக்கு அனுப்புங்கள். ஒரே பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டு வெவ்வேறு ஊர்களிலிருந்து இரண்டு மூன்று புகார்கள் வந்து சேரும்போது, அதிகாரிகள் எந்த ஆலையில், எந்த நாளின் தயாரிப்பில் தேட வேண்டும் என்பதைக் கண்டுகொள்ள முடியும்.