தொலைதூர விமானக் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயண ஏற்பாட்டுத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தூரமும் நேரமும் கணக்குப் போடுவதைப் பார்த்தால், பழைய என்னையே பார்ப்பது போல இருக்கிறது. அதே தப்பு, அதே தைரியம். பெயரில் எழுத்துப் பிழை, காலாவதியான பாஸ்போர்ட் எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், விட்டுவிடுகிறேன்.

தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைப்பது

நியூயார்க்கையும் டோக்கியோவையும் உலக உருண்டையில் நூலால் இணைத்துப் பாருங்கள். நூல் அலாஸ்கா பக்கம் ஏறி இறங்கும். சுமார் 10,850 கி.மீ. என்பது அந்த நூலின் நீளம்தான், அதுவும் குறைந்தபட்சம். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடியதும் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பது மணி சொச்சத்திலிருந்து பதின்மூன்று மணி நேரமானது. விமான நிலையங்கள் என்னவோ இருந்த இடத்திலேயேதான் இருந்தன.

கடல் மைல்

விமானத் தூரத்தை அளக்கும் மைல் இது: 1.852 கி.மீ. சாதாரண மைல் 1.609. கலக்காதீர்கள்.

மைனஸ் குறி

லாஸ் ஏஞ்சலஸின் தீர்க்கரேகை மேற்கே 118.4 பாகை. கணக்கில் மேற்கு என்றால் மைனஸ்; அதைப் போட மறந்தால் ஊர் கிழக்குச் சீனாவில் போய் உட்காரும்.

நாளைத் தொலைப்பது

இதுதான் இன்றும் என்னை எரிச்சல்படுத்துவது. என் ஆரம்ப நாட்களில், ஒரு ஜனவரியில், ஒரு குடும்பத்துக்கு லாஸ் ஏஞ்சலஸ்–சிட்னி ஏற்பாடு. 14ஆம் தேதி இரவு 10 மணிக்குப் புறப்பாடு, பயணம் 15 மணி நேரம். விரல் விட்டு எண்ணினேன்: 15ஆம் தேதி மதியம். சரி என்று அன்றிலிருந்து ஓட்டல் அறை போட்டுவிட்டேன்.

அவர்கள் இறங்கியது 16ஆம் தேதி காலை. முந்தைய நாள் யாரும் வரவில்லை என்று ஓட்டலில் முழு முன்பதிவையும் ரத்து செய்து, முதல் இரவின் வாடகையையும் எடுத்துக்கொண்டார்கள். குழந்தைகளும் பெட்டிகளுமாக நின்றபடி குடும்பத் தலைவர் போனில் கேட்டார்: "15ஆம் தேதி எங்கே சார் போச்சு?" பசிபிக் நடுவே நாள் மாறும் தேதிக்கோடு விழுங்கிவிட்டது என்று அந்த நேரத்தில் சொல்ல முடியுமா? பணம் என் கையிலிருந்து போனது.

இதைச் சொன்னதும், "வித்தியாசம் 19 மணி நேரம், மனப்பாடம் பண்ணிட்டேன்" என்று ஒரு புதியவர் எழுந்துவிடுவார். அது ஜனவரிக்கு. ஜூலையில் 17. இரண்டு நாடுகளும் கோடை நேரத்தை மாற்றிக்கொள்ளும் வெவ்வேறு வாரங்களுக்கு நடுவே 18. மனப்பாடம் உதவாது, அந்தந்தத் தேதிக்கு யூ.டி.சி.க்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றுங்கள். 14 இரவு 10 என்பது யூ.டி.சி.யில் 15 காலை 6. பதினைந்து மணி நேரம் கூட்டினால் இரவு 9. சிட்னிக்கு 11 கூட்டினால் 16 காலை 8. மூன்று வரிக் கணக்கு, அவ்வளவுதான். திரும்பி வரும்போது புறப்பட்ட நேரத்துக்கு முன்பே இறங்குவார்கள்; அதைப் பிழை என்று 'திருத்தி'விடாதீர்கள்.

தூரத்தை 900ஆல் வகுப்பது

மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வகுத்துவிட்டால், காற்றை யார் கணக்கில் சேர்ப்பது? அதே சிட்னிப் பாதையில் திரும்பும் பயணம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறையும். 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ள, நியூயார்க்–லண்டன் விமானம் ஒன்று ஐந்து மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரத்துக்கு அதை நம்பி இணைப்பு விமானம் போட்டால் தொலைந்தோம். அப்புறம், அட்டவணை நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் சேர்த்தி.

நரிதா

இந்த விமான நிலையத்தை டோக்கியோ என்பார்கள். நகர மையம் இன்னும் 60 கி.மீ.