வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி ஊர்கிறதா? இந்த அமைப்பைப் பாருங்கள்

தங்கை கல்யாண ஃபோட்டோக்கள் ஒன்பதாயிரம் சொச்சம். யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி போட்டுவிட்டுச் சாப்பிட்டு வந்து பார்த்தால் பாதிகூடத் தாண்டவில்லை. இத்தனைக்கும் 4 ஜிபி வீடியோ ஒன்று சட்டென்று போய்விட்டது. சின்னச் சின்ன ஃபைல்கள்தான் இழுத்தடித்தன.

விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிரைவ்களுக்கு ‘குயிக் ரிமூவல்’தான் வழக்கமான அமைப்பு. நினைத்த நேரத்தில் பிடுங்கலாம் என்பதற்காக, எழுத வேண்டியதை ரேமில் தேக்காமல் உடனே டிஸ்க்குக்குத் தள்ளிவிடும். ‘பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்’ என்றால் ரேமில் சேர்த்து மொத்தமாக எழுதும்.

முதலில் ஏதாவது ஒரு ஃபோல்டரைக் காப்பி செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க் மென்பொருளில் எல்லோரும் பார்க்கும் முதல் எண், தொடர்ச்சியாக எழுதும் வேகம். நம் தொல்லை அதில் தெரியாது.

அப்புறம் விண்டோஸ் கீயுடன் எக்ஸ் அழுத்தி டிஸ்க் மேனேஜ்மெண்ட்டைத் திறங்கள்.

நான் ஒரு மணி நேரம் தொலைத்தது இங்கேதான். மேலே பட்டியலில் டிரைவ் பெயர் இருக்கிறதே என்று அதில் ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் போனேன். ‘பாலிசீஸ்’ டேபே இல்லை. அது பார்ட்டிஷனுடைய, அதாவது டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதியுடைய ப்ராபர்ட்டீஸ். கீழ்ப்பாதியில் இடது ஓரமாக ‘டிஸ்க் 1’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதன்மேல்தான் ரைட் கிளிக் செய்ய வேண்டும். கொள்ளளவைப் பார்த்து உங்கள் டிஸ்க்தானா என்று உறுதிசெய்யுங்கள்.

பாலிசீஸில் பெட்டர் பெர்ஃபார்மன்ஸைத் தேர்ந்தெடுத்து, ‘ரைட் கேச்சிங்’ (எழுத வேண்டியதை ரேமில் தேக்குவது) டிக் போட்டு ஓகே. அதற்குக் கீழே ‘பஃபர் ஃப்ளஷிங்’கை (தேக்கியதை டிஸ்க்கில் இறக்குவதை) நிறுத்தும் இன்னொரு டிக் உண்டு. அதைத் தொடாதீர்கள், கரண்ட் போனால் டேட்டாவும் போகும்.

எனக்கு 50 நிமிட வேலை 30 நிமிடத்தில் முடிந்தது. ஆனால் இனி ‘எஜெக்ட்’ கொடுக்காமல் கேபிளை உருவக் கூடாது. பழக்க தோஷத்தில் மறுநாளே உருவினேன். கடைசி ஃபோல்டர் காலி.

பிற்சேர்க்கை: மாற்றியும் வேகம் கூடவில்லை என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். விசாரித்தால், செருகியிருந்தது யூஎஸ்பி 2.0 போர்ட்டில். அதன் உச்சமே நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. நடைமுறையில் 30, 40 எம்பி வந்தாலே அதிகம். பெரும்பாலும் உள்ளே நீல நிறம் இருப்பதுதான் 3.0 போர்ட், அதில் போடுங்கள்.

பென் டிரைவுக்கு இதைச் செய்யலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அதை யார் எஜெக்ட் செய்து எடுக்கிறோம்?