கொக்குத் திருவிழாவில் கொக்கைத் தேடாதீர்கள்

பூட்டானின் போப்ஜிக்கா பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று கருங்கழுத்துக் கொக்குத் திருவிழா நடக்கிறது. கேமராவும் கையுமாகப் போய், ஒரு கொக்கைக்கூடக் கிட்டத்தில் பார்க்காமல் திரும்பி வந்து குறைபடுபவர்கள் உண்டு. கொக்குகள் மீது பழியில்லை. விழா நடப்பது மேட்டில், காங்தே மடாலயத்தின் முற்றத்தில். திபெத்தியப் பீடபூமியிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் கொக்குகள் இருப்பதோ கீழே, சதுப்பு நிலத்தில். முற்றத்தில் இறக்கை கட்டிக்கொண்டு ஆடுபவர்கள் பள்ளிப் பிள்ளைகள். முகமூடி நடனம், நாட்டுப்பாடல், சூழல் பற்றிய நாடகம் என்று அது மனிதர்களின் விழா; அதை அப்படியே ரசிக்க வேண்டும்.

தலையாய தவறு, விழா நாளன்று திம்புவிலிருந்து போய்விட்டு அன்றே திரும்பிவிடலாம் என்று திட்டம் போடுவது. மலைப்பாதையில் ஒரு வழிக்கே நான்கைந்து மணி நேரம் ஆகும். அதைவிட முக்கியம், கொக்குகளின் நேரக் கணக்கு. இரவில் நரி போன்ற விலங்குகளுக்குத் தப்ப ஆழமில்லாத தண்ணீரில் கூட்டமாக நின்று உறங்கும். விடிந்ததும் இரை தேடக் கலைந்துவிடும். அந்தி சாயும்போது குடும்பம் குடும்பமாகக் கூவிக்கொண்டு திரும்பும். முந்தைய நாள் மாலையும் மறுநாள் காலையும் அங்கே இருப்பவருக்குத்தான் இந்த இரண்டும் கிடைக்கும். பூட்டான் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி நேரம் முந்தியது. அலாரம் வைக்கும்போது கவனம். நவம்பர் 11 நான்காம் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக்கின் பிறந்தநாள் என்பதால் நாடு முழுக்க விடுமுறை. அறையைக் கடைசி நேரத்தில் தேடினால் கிடைப்பது சிரமம்.

அடுத்தது, படத்துக்காக நெருங்கிப் போவது. மேயும் கொக்கு குனிந்த தலையை நிமிர்த்தி, கழுத்தை விறைப்பாக நீட்டி உங்களையே பார்த்தால், ஏற்கெனவே அதிகமாக நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நில்லுங்கள், மெல்லப் பின்வாங்குங்கள். துரத்தப்பட்டு எழும் ஒவ்வொரு முறையும் குளிரைத் தாங்கச் சேர்த்த சக்தி வீணாகிறது. செல்பேசிக் கேமரா இங்கே உதவாது, ட்ரோன் கூடவே கூடாது. நல்ல பைனாகுலர் ஒன்று போதும். பள்ளத்தாக்கில் பார்வையாளர்களுக்காக உள்ள கொக்கு மையத்தில் தொலைநோக்கியும் இருக்கிறது. அதன் வழியே பொறுமையாகப் பார்த்தால் இரண்டு பெரிய பறவைகளுக்கு நடுவே கழுத்து கறுக்காத, பழுப்புத் தலையுள்ள ஒன்று தெரியலாம். அது அந்த ஆண்டுக் குஞ்சு. உச்சந்தலைச் சிவப்பு அதற்கு இன்னும் வந்திருக்காது. அதே மையத்தில் பராமரிக்கப்படும், பறக்க முடியாத கொக்கைப் படம் பிடித்துக்கொண்டு "பார்த்தாயிற்று" என்று கிளம்புகிறவர்களை என்ன சொல்வது!

ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டரை நம்பிப் போக வேண்டாம். பள்ளத்தாக்கு ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நவம்பர் இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். கையுறையும் காதை மூடும் குல்லாயும் அவசியம். ஆனால் மடாலயக் கோயிலுக்குள் நுழையும்போது குல்லாயைக் கழற்றிவிட வேண்டும், உள்ளே படம் எடுக்கக் கூடாது.

ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லைக்குப் போவதும் வழக்கமான தவறு. இந்தியர்களுக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். பூட்டான் அரசு சுற்றுலாப் பயணிகளிடம் வாங்கும், ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் என்ற கட்டணத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, என் பார்வையில் பலரும் தவறென்றே நினைக்காதது: சாப்பாடு முதல் தின்பண்டம் வரை எல்லாவற்றையும் நகரத்திலிருந்தே கட்டிக்கொண்டு போவது. இயற்கைப் பாதுகாப்புக்கான அரச சங்கம் 1998இல் இந்த விழாவைத் தொடங்கியதற்கு ஒரு காரணம், கொக்குகளால் ஊர்க்காரர்களுக்கும் நாலு காசு வர வேண்டும் என்பது. உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைக்கும் விவசாயிகள் அவர்கள். சதுப்பு நிலத்தை வயலாக்காமல் விட்டுவைப்பதில் அவர்களுக்கு இழப்பு உண்டு. பறவைகள் கம்பியில் மோதிச் சாகக் கூடாதென்று மின்கம்பிகளை மண்ணுக்கடியில் புதைத்த பள்ளத்தாக்கு இது. ஊர்க்காரர் வீட்டிலேயே தங்குங்கள், விழாக் கடைகளிலேயே சாப்பிடுங்கள்.