பழைய காம்பேக்ட் கேமராவை மாற்றும்போது பணம் வீணாகும் இடங்கள்

“எந்தக் கேமரா வாங்கலாம்?” என்று கேட்பவர்களில் பாதிப் பேர் முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான். அதனால் எங்கே சறுக்கப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

மெகாபிக்சல்

20 போதும். அடுத்ததைப் பார்க்கலாம்.

பணத்தையெல்லாம் பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) கொட்டுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். வீட்டுக்குள் ஓடும் குழந்தையை எடுத்தால் படம் கலங்குகிறது என்று ஒரு நண்பர் தன் காம்பேக்டை (லென்ஸ் கழற்ற முடியாத சிறிய கேமரா) மாற்றினார். அது 1 இன்ச் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) கொண்ட கேமரா. புதிதாக வாங்கியது விலை கூடிய ஏபிஎஸ்-சி மிரர்லெஸ், அதாவது இன்னும் பெரிய சென்சாரும் மாற்றக்கூடிய லென்ஸும் கொண்ட கேமரா. கையிருப்பு அதோடு தீர்ந்ததால், பாடியோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸோடு நிறுத்திக்கொண்டார். “லென்ஸ் அப்புறம் பார்த்துக்கலாம்.” அந்த அப்புறம் வரவே இல்லை. படம் மட்டும் முன்போலவே கலங்கியது. கேமராவில் ஏதோ கோளாறு என்று என்னிடம் கொண்டுவந்தார்.

கோளாறு எதுவும் இல்லை, கணக்குதான் இடித்தது. புதிய சென்சாரின் பரப்பு பழையதைப்போல் சுமார் மூன்று மடங்கு. ஆனால் லென்ஸின் எஃப் எண் கூடக் கூட உள்ளே வரும் ஒளி குறையும். பழைய லென்ஸ் முழு ஜூமிலும் எஃப்/2.8, கிட் லென்ஸோ எஃப்/5.6, அதாவது கால்வாசி ஒளி. மூன்று மடங்கு வரவு, நான்கு மடங்கு செலவு. மிஞ்சியது கழுத்தில் கனம்.

ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்பார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், குழந்தையின் ஓட்டத்தை அல்ல. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும். எஃப்/5.6இல் 1/30 நொடி கேட்கும் வெளிச்சத்தில், எஃப்/2 லென்ஸ் இருந்தால் 1/250இல் எடுக்கலாம். ஆகவே பாடியில் ஒரு படி இறங்குங்கள், முந்தைய மாடலானாலும் பரவாயில்லை. மிச்சத்தில் 35 மி.மீ. எஃப்/1.8 அல்லது எஃப்/2 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் ஒன்றை பாடியோடு சேர்த்தே வாங்குங்கள்.

டிஜிட்டல் ஜூம்

படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான் அது. கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

மவுண்ட்டைக் கவனிக்காமல் விடுவது

பாடி மாறும், லென்ஸ் தங்கும். மவுண்ட், அதாவது பாடியில் லென்ஸ் மாட்டும் அமைப்பு, நீடித்தால்தான் அதுவும். நிக்கான் 1 வரிசை 2011இல் வந்து 2018இல் முடிந்தது. கேனானின் இஎஃப்-எம் மவுண்ட் 2012இல் வந்தது, 2023இல் நின்றது. அந்த இஎஃப்-எம் லென்ஸ்களை கேனானின் இன்றைய ஆர்எஃப் மவுண்ட் பாடியில் அடாப்டர் வைத்தும் ஒழுங்காகப் பயன்படுத்த முடியாது. பழைய மாடல் மலிவாகக் கிடைத்தால், அதே மவுண்டில் புது லென்ஸ் இன்னும் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

கையில் பிடித்துப் பார்க்காதது

லென்ஸோடு தூக்கிப் பாருங்கள். இதைத் தினமும் சுமக்க மாட்டோம் என்று தோன்றினால் மிரர்லெஸ் வேண்டாம். 1 இன்ச் சென்சார் காம்பேக்ட் ஒன்றே போதும், பல பழைய காம்பேக்டுகளில் உள்ள 1/2.3 இன்ச் சென்சாரைப்போல் அதன் சென்சார் பரப்பு நான்கு மடங்கு.